பூட்டக்கா

அவரை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. வருகிறவர்களின் பெயர், ஊர் பதியும் கவுண்டரில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பிரிண்டர் மக்கர் செய்தது. சிஸ்டம் ரூமுக்குப் போன் செய்ததும், உயரமாக, ஒல்லியாக, சாயம் போன காட்டன் சுடிதாரில் ஓர் அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். "உங்க ஐடில உள்ள போங்க, பாத்துடலாமுங்க" என்றார். நான் கீபோர்டில் கை வைத்தேன். அவர் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் பக்கம் ஒருவர் முகத்தைத் திருப்பினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். எனக்குச் சுருக்கென்றது.

"ஏக்கா, நான் என்ன பண்ணிட்டேன்னு மூஞ்சியத் திருப்புறீங்க?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. நீங்க பாஸ்வேர்டு போடுறீங்க."

"போட்டா என்ன, ஆபீஸ் பாஸ்வேர்டுதான?"

"உங்களுதுங்க" என்றார், இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டு. "போட்டு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, திரும்பிக்கிறேன்."

பிரிண்டரைச் சரிசெய்துவிட்டுப் போனார். பக்கத்துக் கவுண்டர்க்காரர் என்னிடம் குனிந்து, "அது அப்பிடித்தான், கண்டுக்காத" என்றார்.

அது அப்படித்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் மட்டுமல்ல, எங்கேயும் அவர் அப்படித்தான் இருந்தார். ஏ.டி.எம். வரிசையில் முன்னால் இருப்பவருக்கும் தனக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் விட்டு நிற்பார். அந்த இடத்தில் ஆட்கள் வந்து சாவகாசமாக நுழைந்துகொள்வார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனைத் திறந்தால் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். மதியம் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது யாருக்காவது வீட்டிலிருந்து போன் வந்தால், அவர்கள் எழுவதற்கு முன்னால் இவர் தட்டோடு எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ரிப்போர்ட் வாங்கிய நோயாளிகள் அங்கேயே நின்று கவரைப் பிரித்தால், அவர்களைத் தாண்டிப் போக வேண்டியவர் அப்படியே திரும்பிச் சுற்றுவழியாகப் போவார். ஏதாவது வம்புப் பேச்சை ஆரம்பித்தோம் என்றால், "அது நம்ம கண்ணுக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மோரைக் குடிப்பார். காதால் கேட்கிற வம்பைக் கண்ணுக்கு இல்லை என்கிறாரே என்று நாங்கள் சிரிப்போம்.

சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வேலை. திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார். அதைத் தவிர அவரைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேருங்க. துணி மாத்தறது, அழுகறது, லெட்டர் படிக்கறது எல்லாம் அங்கதான். ஒருத்தருக்கு இன்னொருத்தர் குடுக்க முடிஞ்ச இடம் இது ஒண்ணுதானுங்க, திரும்பிக்கறது."

எனக்கு அது புரிந்தது வேறொரு நாளில். அன்று வீட்டிலிருந்து வந்த ஒரு போனுக்குப் பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். காரணம் இங்கே வேண்டாம். கீழிருந்து யாரோ ஏறி வரும் சத்தம். நிமிர்ந்தால் அவர்தான். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி இறங்கிப் போய்விட்டார். மனுசிதானா இது என்று எனக்கு அழுகை இன்னும் கூடியது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டின் அடியில் அவர் வழியை மறித்தபடி நின்று, எக்ஸ்ரே படத்தோடு வந்த ஒருவரிடம், "படியெல்லாம் தண்ணிங்க, வழுக்கும். லிப்ட்ல போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த நேரம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் லேசாகத் தலையாட்டிவிட்டுச் சிஸ்டம் ரூமுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொந்த அக்காதான்.

இப்படிப்பட்டவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வார்டு கம்ப்யூட்டர்களின் நிலைமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கவுண்டரில் எங்களுக்குத் தனித்தனி பாஸ்வேர்டு உண்டு. வார்டில் அத்தனை பேருக்கும் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியின் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மறந்துவிடக் கூடாது என்று சுவிட்ச் போர்டுக்கு மேலே மார்க்கரில் எழுதியும் வைத்திருந்தார்கள். அக்கா அதை ஸ்பிரிட் போட்டு அழிப்பார். மறுநாள் வேறொரு கையெழுத்தில் மறுபடி அங்கே இருக்கும். பெரிய டாக்டரிடம், அதாவது ஆஸ்பத்திரி முதலாளியிடம், ஆளுக்கொரு ஐடி கொடுக்க வேண்டும் என்று பலமுறை கேட்டுப் பார்த்தார். "பாக்கலாம்மா, முதல்ல ஸ்கேன் மெஷின் வரட்டும்" என்று அவர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது.

குஜிலியம்பாறை பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வைத்தியத்துக்கு வருவார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசி நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைத் தாங்களே நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பெண் சாப்பிடும் மாத்திரையின் பெயர் உட்பட எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. நிச்சயம் முறிந்தது. அந்த அம்மா மகளோடு வந்து பெரிய டாக்டர் அறைக்கு வெளியே நின்றார். சத்தம் போடவில்லை. அங்கே நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல எங்க மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாதும்மா. தெரிஞ்ச மத்த எடம் இந்த ஆஸ்பத்திரிதான். இங்கருந்து யாரு சொன்னது, அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

அந்தப் பெண் ஃபேனுக்குக் கீழே தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

அக்காவைக் கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பெண்ணின் விவரம் திறக்கப்பட்டிருந்தது. திறந்தது யார்? 'வார்டு' என்று இருந்தது. வார்டு என்றால் நர்ஸ், பயிற்சிக்கு வந்தவர்கள், டியூட்டி டாக்டர் எல்லாரும்தான். வார்டுக்குப் பொறுப்பு எஸ்தர் சிஸ்டர். இருபது வயதில் வந்து அங்கேயே தலை நரைத்தவர். பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் அவரைத்தான் சத்தம் போட்டார். "உங்க வார்டு, நீங்கதான் பதில் சொல்லணும்." எஸ்தர் சிஸ்டர், "நான் பாக்கல டாக்டர், யாரு பாத்தான்னும் எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அவர் கை இரண்டும் வெள்ளை உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த அம்மாவும் மகளும் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா சாப்பிடாத டிபன் பாக்ஸை அப்படியே பைக்குள் வைத்தார். "அந்தம்மா ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டாங்க, செல்வி" என்றார் என்னிடம். "அதுக்குக்கூட என்னால பதில் சொல்ல முடியலீங்க."

மறுநாள் பெரிய டாக்டரே அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

புதிய ஏற்பாடு இதுதான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அது மட்டும் போதாது, கூடவே இரண்டாவதாக ஒன்று. டாக்டர்களுக்கும் கவுண்டரில் இருக்கும் எங்களுக்கும் போனில் ஓர் எண் வரும். வார்டில் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அங்கே டேப்லட்டில் விரலால் தனக்கென்று ஓர் உருவம் வரைய வேண்டும். நட்சத்திரமோ, பாம்போ, பேரப்பிள்ளையின் மூக்கோ, எதுவாகவும் இருக்கலாம். மெஷின் உருவத்தை மட்டும் பார்க்காது. எங்கே தொடங்குகிறோம், எங்கே வளைக்கிறோம், எங்கே விரல் தயங்குகிறது என்று எல்லாவற்றையும் கற்று வைத்துக்கொள்ளும். "அடுத்தவங்க அதே மாதிரி போட்டாலும் தொறக்காதுங்க. கையோட நடை வேறைங்க" என்று கூட்ட அறையில் அக்கா விளக்கினார். பிறகு எல்லாரையும் வரையச் சொல்லிவிட்டு, தான் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்து நின்றுகொண்டார்.

"நம்ம திண்டுக்கல் பூட்டெல்லாம் பத்தாதுன்னு ஒட்டஞ்சத்திரத்துல இருந்து வேற பூட்டா?" என்றார் அட்டெண்டர் முத்தையா. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்காவின் பெயர் பூட்டக்கா. அந்த உருவத்துக்கு நர்ஸ்கள் வைத்த பெயர் 'கிறுக்கு'. "செத்த நேரம் இருங்க, கிறுக்குப் போட்டுட்டு வாரேன்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வரும் நோயாளிகள் மிரள்வார்கள்.

முதல் மாதம் அவர் வாங்காத திட்டு இல்லை. எவராலும் விலக்கு வாங்க முடியவில்லை. ஒருநாள் பெரிய டாக்டரே போனை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். எண் வராமல் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அக்காவை வரவழைத்தார்.

"ஏம்மா, இது நான் கட்டுன ஆஸ்பத்திரி. எனக்கே வழி இல்லையா?"

"உங்கள எனக்குத் தெரியுங்க சார். கம்ப்யூட்டரு ரெண்டு சாட்சி கேக்குதுங்க. ஒரு சாட்சி உங்க வீட்ல இருக்குது."

டிரைவர் போய்ப் போனைக் கொண்டுவரும்வரை பெரிய டாக்டர் எங்கள் கவுண்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். செம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர், அவரும் நோயாளி என்று நினைத்து, "உங்களுக்கும் சுகரா?" என்று விசாரித்தார். அதற்குப் பிறகு விலக்குக் கேட்டு யாரும் சிஸ்டம் ரூம் பக்கம் போகவில்லை.

கிறுக்கை ஆசையாக ஏற்றுக்கொண்டவர் ஒருவர் உண்டென்றால் அது எஸ்தர் சிஸ்டர்தான். டேப்லட் முழுக்க விரலை வீசி, பெரிதாக, ஒரே இழுப்பில் போடுவார். அது என்ன உருவம் என்று யாருக்கும் தெரியாது. போட்டதும் திரை திறக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "இனி நான் பாத்தா நான் பாத்தேன்னு இருக்கும். பாக்கலன்னா பாக்கலன்னு இருக்கும். எனக்கு அம்புட்டுப் போதும்" என்பார். மற்றவர்களுக்குப் பூட்டாக இருந்தது அவருக்கு வழக்கில் கிடைத்த விடுதலை மாதிரி.

ஒன்றரை வருடம் போல ஆகியிருக்கும். எஸ்தர் சிஸ்டரை மெஷின் ஏற்றுக்கொள்ள மறுக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒருமுறை, பிறகு தினமும். அக்கா பழைய கிறுக்கை அழித்துவிட்டு அதையே புதிதாகப் பதியவைத்தார். சில வாரம் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை. வேறு டேப்லட் கொடுத்துப் பார்த்தார். அதிலும் ஆகவில்லை.

அன்று கவுண்டரின் மாதக் கணக்கை எடுக்க நான் சிஸ்டம் ரூமில் இருந்தேன். எஸ்தர் சிஸ்டர் டேப்லட்டோடு வந்தார். "என்னம்மா உன் மெஷினு? தெனமும் பாக்குற என்னையவே ஆகாதுங்குது."

"இங்க உக்காந்து போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். டேப்லட் 'டொக்' என்று மறுத்தது. மறுபடி 'டொக்'. மறுபடியும். எஸ்தர் சிஸ்டர் மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது.

அக்கா சுவரைப் பார்த்தபடியே, "சிஸ்டர், நான் ஒருதடவ பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. "பாரு" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

"கிறுக்கு வேண்டாங்க. சும்மா வட்டம் போடுங்க. ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, அதே அளவுல."

எஸ்தர் சிஸ்டர் போட்டார். முதல் வட்டம் ஒரு ரூபாய்க் காசு அளவு. அடுத்தது அதைவிடச் சின்னது. வரிசையின் கடைசியில் மிளகு அளவுக்கு வந்து நின்றது. அவர் வேண்டுமென்று சின்னதாகப் போடவில்லை. கை தானாகச் சுருங்கிக்கொண்டு போனது.

அக்கா எழுந்து கதவைச் சாத்தினார். சிஸ்டர் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார். "சிஸ்டர், மெஷினு சரியாத்தான் இருக்குதுங்க. உங்க கைதான் சின்னதா எழுதுது. எத்தன நாளா இப்படிங்க?"

எஸ்தர் சிஸ்டர் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார். "பட்டன் போட நேரம் ஆகுது. கையெழுத்து எறும்பு மாதிரி ஊருது. நான் நர்ஸும்மா. எனக்குத் தெரியாதா இது என்னன்னு?" குரலைத் தாழ்த்தி, "உன் மெஷினைக் கொஞ்சம் இளக்கி விடேன். எப்பிடிப் போட்டாலும் தொறக்குற மாதிரி. கொஞ்ச நாளைக்கு. இந்த வேலைய விட்டா நான் வீட்ல ஒத்தையா உக்காந்து என்னம்மா செய்வேன்?" என்றார்.

இளக்கிவிட்டால் என்ன என்றுதான் நான் நினைத்தேன்.

"இளக்கலாமுங்க. ஆனா அப்ப வேற யாரு போட்டாலும் அது நீங்கன்னு சொல்லும். அன்னிக்கு மாதிரி மறுபடி உங்க பேரு வந்து நிக்கும். அத நான் பண்ண மாட்டேங்க." அக்கா சிஸ்டரின் கை மேல் தன் கையை வைத்தார். "இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். செல்வியும் சொல்ல மாட்டாங்க. நீங்களேதான் சொல்லோணும். ஆனா நாளையிலிருந்து ஊசி மட்டும் நீங்க போட வேண்டாங்க. அது நம்ம விஷயம் இல்லீங்க, கட்டில்ல படுத்திருக்கறவங்க விஷயம்."

எஸ்தர் சிஸ்டர் அழவில்லை. "சரி" என்றார். மறுநாளிலிருந்து ஊசித் தட்டை அவர் தொடவில்லை. சின்ன நர்ஸ்களிடம், "நீங்க போடுங்கடி, நான் நின்னு பாக்குறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த வார விடுமுறையில் நாங்கள் மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். சின்னாளபட்டி தாண்டியதும் எஸ்தர் சிஸ்டர்தான் கொய்யாப்பழம் வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு எங்களுக்குக் கொடுத்தார். நரம்பு டாக்டரின் அறைக்குள் எங்களையும் வரச் சொன்னார். நான் போனேன். அக்கா வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் கையை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். நடுக்கவாதத்தின், அதாவது பார்க்கின்சன் நோயின், ஆரம்பம் என்றார். "நடுக்கமே இன்னும் வரல. இவ்வளவு சீக்கிரம் யாரும் வர்றதில்லையேம்மா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இருக்கு டாக்டர்" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

மாத்திரை உண்டு, உடற்பயிற்சி உண்டு, வருடக்கணக்கில் வேலை பார்க்கலாம், ஊசி மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சிஸ்டரே எல்லாவற்றையும் சொன்னார். திரும்பி வரும்போது அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை எஸ்தர் சிஸ்டர் தனியாகப் பெரிய டாக்டர் அறைக்குள் போனார். என் கவுண்டரிலிருந்து அந்தக் கதவு தெரியும். அன்று நான் எத்தனை பேருடைய ஊரைத் தப்பாகப் பதிந்தேனோ. அவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஊசி போட எனக்கு ஆள் இருக்கு சிஸ்டர், வார்டைப் பாக்க உங்க கண்ணுக்குத்தான் மாத்து ஆள் இல்ல, இருங்கன்னுட்டாரு." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "அன்னிக்கு சத்தம் போட்டதுக்கும் சேத்து ஏதோ முனகுனாரு. நான் காதுல வாங்கல" என்றார்.

இனி மெஷினை என்ன செய்வது? அக்கா அதற்கும் ஒரு வழி செய்தார். சிஸ்டருக்கு மட்டும் மூன்றாவது சாட்சி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் டேப்லட்டில் தொட வேண்டும். "அட்டை உங்க கழுத்துல இருக்குது, பாஸ்வேர்டு உங்க மனசுல இருக்குது. அதனால கோடு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்லீங்க" என்றார். கிறுக்கையும் விடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டர் சிஸ்டம் ரூமுக்கு வந்து அதைப் புதிதாகப் பதிந்துவிட்டுப் போவார். கை மாறிக்கொண்டு போகிற வேகத்திலேயே மெஷினும் அவர் பின்னால் வந்தது. அந்த நாளில் மூவருக்கும் டீ வரும். நானும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

பிறகு அக்காவுக்குக் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகப்போவதை எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புதிதாக வந்த பையனுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். போவதற்கு முந்தைய நாள் எஸ்தர் சிஸ்டர் கிறுக்குப் பதிய வந்தார். மாத்திரை ஓரளவு கேட்டாலும், கை முன்னைப்போல் இல்லை. மெல்ல, நிறுத்தி நிறுத்தி வரைந்தார். முடித்ததும் டேப்லட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல இந்தப் பலகை பூராவும் போடுவேன். இப்ப ஒரு மூலைக்குள்ள அடங்கிருது" என்றார். "ஏம்மா, இதுவும் நான்தானா?"

அக்கா பதிந்ததைச் சரிபார்த்தார். திரை திறந்து வார்டு நோயாளிகளின் பெயர்கள் வந்தன. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னார்.

"நீங்கதாங்க சிஸ்டர். வேற யாரும் இல்லீங்க."

எஸ்தர் சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெயரைப் படித்தார். தாடிக்கொம்பிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று இருந்தது. "நான் போய்ப் பாக்குறேன்" என்று டேப்லட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார்.